இலச்சினையில் ஏறிய அரை வரிகள்

நேயர்களுக்கு வணக்கம். மாங்குளம் ஒட்டுசுட்டான் வீதியில் நெல் மூட்டை ஏற்றிப் போகிற உழவு இயந்திரப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் 'அம்மன் துணை', பின்னால் வருவதில் 'மடு மாதா துணை'. எழுதியவர் யாரை நம்புகிறார் என்பதில் சந்தேகமே இல்லை. இதையே ஓர் அரசாங்கம் எழுதினால், நம்புவது யார்?

அமெரிக்கக் காசில் 'கடவுளை நம்புகிறோம்' என்றிருக்கும். நாடு பிறந்தபோதே வந்த வாசகமல்ல அது. 1861இல், அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கிய வருடம், வாட்கின்சன் என்ற போதகர் நிதிச் செயலாளர் சால்மன் சேஸுக்குக் கடிதம் போட்டார். நாடு சிதறிப்போனால், பிற்காலத்து ஆய்வாளர்கள் நம் காசைப் பார்த்துவிட்டு இவர்கள் கடவுளை அறியாத சனம் என்று முடிவுகட்ட மாட்டார்களா என்பது அவருடைய கவலை. எல்லாம் அழிந்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்திருக்கிறார் மனிதர். வன்னியில் இருக்கிற நமக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

1864இல் இரண்டு சத நாணயத்தில் ஏறிய வாசகம், 1956இல், சோவியத் ஒன்றியத்துடன் பனிப்போர் நடந்த காலத்தில், தேசிய வாசகமாயிற்று. அப்புறம் வழக்குகள். 1970இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, இது தேசபக்தி சார்ந்த சடங்கு, சமயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது. கடவுள் பெயரைக் காசில் வைத்திருக்க, அதில் கடவுள் இல்லையென்று சொல்லவேண்டி வந்திருக்கிறது!

இந்தியாவின் 'சத்யமேவ ஜயதே' முண்டக உபநிடதத்தில் வருவது. வாய்மையே வெல்லும், ஆசை தீர்ந்த முனிவர் அந்த வழியே போய் மெய்ப்பொருளை அடைவார் என்று அந்தப் பாட்டு நீள்கிறது. வழக்கில் வெல்வதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1950இல் நாட்டின் சின்னத்தில் ஏறியது அந்தப் பாட்டின் தொடக்கச் சொற்கள் மட்டும்தான்.

நம் இலங்கை இலச்சினையில் வாசகம் கிடையாது. தர்மசக்கரம், வாளேந்திய சிங்கம், தாமரை இதழ், நெற்கதிர் என்று எல்லாமே படம்தான்.

எனக்குப் பெரிய வியப்பு இந்தோனேசியாதான். முஸ்லிம்கள் பெரும்பான்மையான அந்த நாட்டின் சின்னத்தில், கருடன் காலில் பிடித்திருக்கும் பட்டையில் 'பின்னேகா துங்கல் இகா' என்றிருக்கிறது. வேறாயினும் ஒன்றே என்பது பொருள். ஜாவாவின் பழைய மஜபாகித் அரசில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புலவர் ம்பு தந்துலார், சுதசோமா என்ற காவியத்தில் பாடியது. இன்று அதற்கு இனங்கள், தீவுகள், மொழிகளின் ஒற்றுமை என்று விளக்கம் சொல்கிறார்கள். புலவர் வேறு என்று சொன்னது சிவனையும் புத்தரையும். இருவரையும் எப்படிப் பிரிப்பது, இரண்டின் உண்மையும் ஒன்று, தர்மத்தில் இரண்டில்லை என்கிறது செய்யுள். மலைக்கு மலை சைவமா பௌத்தமா என்ற தகராறு ஓயாத முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் படித்துப் பாருங்கள்!

அரசு எடுத்துக்கொண்டது அரை வரி. முழுச் செய்யுளையும் தமிழில் போட்டு, சிங்களத்திலும் போட்டு, நம் பாடசாலைப் புத்தகங்களில் சேர்க்கலாம். சமயபாடம் எழுதுகிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் யோசியுங்கள். வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.