கோல்கீப்பரின் விக்கிப்பீடியா பக்கத்தில் எண்ணைத் திருத்தும் முன்

அடுத்த கேள்வி. "எனக்குப் பிடித்த ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் ஆங்கில விக்கிப்பீடியா பக்கத்தில் வெற்றிக் கணக்கு தப்பாக இருந்தது. திருத்தினேன். யாரோ உடனே பழையபடி மாற்றிவிட்டார். என்ன செய்யலாம்?" என்று ஒரு நேயர் கேட்கிறார்.

ஆதாரம் கொடுக்காமல் எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் அப்படித்தான் நடக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் எண், அங்கே இருந்த எண் இரண்டுமே சரியாக இருக்கலாம். கோல்கீப்பர் மார்ட்டின் புரோடரை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஹெச்எல் என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் வழக்கமான சீசன்களில் அவருக்கு 691 வெற்றி. அதில் நியூ ஜெர்சி டெவில்ஸுக்காக 688, மீதி 3 கடைசியில் ஆடிய செயின்ட் லூயிஸ் புளூஸுக்காக. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் வெற்றிகள் 113, அது தனிக் கணக்கு. எந்த லீக், எந்த அணி, பிளேஆஃப் சேர்ந்ததா இல்லையா என்று எழுதாத எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பயனில்லை.

மேட்ச் ஸ்கோரைப் பார்த்து நீங்களே கூட்டிப் போடுவதும் வேண்டாம். நடுவில் கோல்கீப்பர் மாறினால், வெற்றிக்கான கோல் விழுந்தபோது களத்தில் இருந்தவருக்குத்தான் வெற்றி போகும். ஆளில்லாத வலையில் விழுந்த கோலும், சமநிலையை முறிக்க நடக்கும் ஷூட்அவுட்டில் விழுந்ததும் அவர் விட்ட கோல் கணக்கில் வராது. இதெல்லாம் ஸ்கோரில் தெரியாது. லீக்கின் அதிகாரப்பூர்வப் பதிவையே ஆதாரமாகக் காட்டுங்கள்.

எண்ணைவிட எனக்கு அதிகம் உறுத்துவது "முதன்முதலில்" என்ற சொல்தான். முகமூடி அணிந்த முதல் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அவர் 1959 நவம்பரில் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டபின் அணிந்தார், அதை வழக்கமாக்கினார். ஆனால் 1930-லேயே கிளின்ட் பெனடிக்ட் கொஞ்ச நாள் முகமூடியோடு ஆடியிருக்கிறார். கோல் அடித்த கதையும் இப்படித்தான். என்ஹெச்எல்லில் கோல் பெயரில் ஏறிய முதல் கோல்கீப்பர் பில்லி ஸ்மித், 1979-ல். எதிரணிக்காரர் பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) கோல்கீப்பர் இல்லாத தன் அணி வலைக்கே அனுப்பிவிட்டார், கடைசியாகத் தொட்ட நியூயார்க் ஐலண்டர்ஸ் வீரர் ஸ்மித். தானே குறிவைத்து அடித்தது 1987-ல் ரான் ஹெக்ஸ்டால். இரண்டு பேருமே "முதல்" ஆள்தான், வாக்கியத்தை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து.

சரி, எப்படித் திருத்துவது? ஆதாரத்தோடு மாற்றுங்கள், சேமிக்கும்போது வரும் திருத்தச் சுருக்கப் பெட்டியில் (edit summary) காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர் என்றால் எந்த சீசன் முடிய என்று சேர்த்துவிடுங்கள். அவர் உங்களுக்குத் தெரிந்தவராகவோ, நீங்கள் அவர் அணியில் வேலை பார்ப்பவராகவோ இருந்தால் நேரடியாகக் கை வைக்காமல், அந்தக் கட்டுரைக்கென உள்ள பேச்சுப் பக்கத்தில் (Talk) கேளுங்கள். உங்கள் திருத்தத்தை மறுபடி யாராவது நீக்கினாலும் அங்கேதான் போக வேண்டும். திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை நீக்கினால் உங்கள் கணக்கையே தடுத்துவிடலாம்.