முட்டையிலிருந்து முட்டை வரை

நேயர்களுக்கு வணக்கம். பச்சோந்தி வளர்ப்பைப் பற்றிப் பேச அழைத்த நண்பர்களுக்கு முதலில் நன்றி. டொராண்டோவில் என் வீட்டு பேஸ்மென்டில் பச்சோந்திகள் இருக்கின்றன என்று சொன்னால் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். மீதிப் பேர் "கடிக்குமா?" என்று கேட்கிறார்கள். பிடித்து இழுத்தால் கடிக்கும். ஆனால் விஷம் கிடையாது. அதன் பாட்டுக்கு இருக்க விட்டால், பூமியில் இதைவிட அமைதியான பிராணியைப் பார்ப்பது கஷ்டம்.

ஊரிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் நமக்கென்று ஒரு பச்சோந்தி இனம் இருக்கிறது. மரத்தில் கண்டால் நின்று பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இன்னொன்று: வேலியில் தலையாட்டிக்கொண்டு கழுத்துச் சிவந்து நிற்பதைப் பலர் பச்சோந்தி என்பார்கள். அது ஓணான். பச்சோந்தி அப்படி விறுவிறுவென்று ஓடாது. அதற்குத் தட்டையான உடல், கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வால், இடுக்கி மாதிரி இரண்டாகப் பிரிந்த பாதங்கள். ஒரு கண் முன்னால் பார்க்கும்போது மற்றொரு கண் பின்னால் நிற்கும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் வளர்ப்பவை காட்டில் பிடித்தவை அல்ல. வளர்ப்பவர்களின் வீடுகளிலேயே தலைமுறை தலைமுறையாகப் பொரிந்து வந்தவை. உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் மட்டுமே வாழ்பவை. அங்கிருந்து ஒரு காலத்தில் கணக்கில்லாமல் ஏற்றுமதி ஆயின. பயணத்திலேயே பல செத்துப்போயின. 1990களின் நடுவில் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் கீழ், நான்கு இனங்களைத் தவிர மற்ற மடகாஸ்கர் பச்சோந்திகளின் வணிகம் நிறுத்தி வைக்கப்பட்டது. வளர்ப்பவர்கள் வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டதால்தான் இந்தப் பொழுதுபோக்கு நியாயமான ஒன்றாக நிற்கிறது. என் அறையில் கூண்டுகள் பெருகியதும் அப்படித்தான், ஒரு பெண் இட்ட முட்டைகளிலிருந்து.

சரி, என்னைப் பிடித்துப்போட்டது எது என்று கேட்டால், பாந்தர் பச்சோந்தி என்பேன். மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் வாழ்வது. ஒரே இனம்தான். ஆனால் ஊருக்கு ஊர் ஆணின் நிறம் வேறு. நோசி பே தீவில் பிறந்தது நீலப்பச்சையாக இருக்கும். அம்பிலோபே ஊர்ப்பக்கத்து ஆணுக்கு உடம்பில் நீலமோ சிவப்போ பட்டைகள் விழும், நடுவே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று எல்லாம் வரும். ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் 2015இல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பாந்தர்களின் மரபணுவை ஆராய்ந்து, இவை ஒன்றோடொன்று அதிகம் கலக்காத பல தனிக் குழுக்கள் என்றும், பதினொரு தனி இனங்களாகக்கூட இருக்கலாம் என்றும் சொன்னார்கள். வளர்ப்பவர்கள் ஊர்ப்பெயரை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு அந்த ஆய்வு பெரிய பலம்.

நிறம் மாறுவதைப் பற்றி அதே பல்கலைக்கழகம் அதே ஆண்டு இன்னொரு விஷயத்தையும் கண்டுபிடித்தது. பாந்தரின் தோலுக்குள் குவானின் என்ற பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருக்கமாக இருந்து நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். அதோடு தோலின் மஞ்சள் சாயம் சேர, நாம் பச்சையைப் பார்க்கிறோம். எதிரியையோ பெண்ணையோ கண்டு கிளர்ந்தால் படிகங்களுக்கிடையே இடைவெளி கூடி, மஞ்சளும் சிவப்பும் மேலெழும். இலைக்குள் இலையாக ஒளிந்துகொள்வதற்காக மட்டும்தான் நிறம் மாற்றுகிறது என்ற பேச்சு உண்மை இல்லை. குளிர், கோபம், பயம், ஆசை, உடல்நலம் எல்லாம் தோலில்தான் வந்து நிற்கும். காலையில் விளக்குப் போடும்போது வெயில் காய வேண்டிய பக்கம் மட்டும் கருத்திருக்கும், மறுபக்கம் வெளிறியே இருக்கும். தூங்கும்போது எல்லாமே வெளுத்துப்போகும். ஒரே ஒரு பிராணியை வைத்திருந்தபோது எனக்கு இதெல்லாம் புரியவில்லை. பலவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் பார்த்த பிறகுதான், ஒவ்வொன்றுக்கும் அதனதன் வழக்கம் இருப்பது தெரிந்தது. எண்ணிக்கை கூடுவதில் எனக்குக் கிடைத்த முதல் பலன் இதுதான்.

பக்கத்துப் பக்கத்தில் என்றால் ஒரே கூண்டில் அல்ல. இவை தனிமை விரும்பிகள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தால் சோர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் உயரமான தனிக் கூண்டு, நடுவில் மறைப்பு. வளர்ந்த பாந்தர் ஆணுக்கு 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வலைக்கூண்டு வேண்டும். உள்ளே மணிபிளான்ட், செம்பருத்தி, நம் ஆலமரத்தின் உறவான ஃபைகஸ் பெஞ்சமினா. மேலே வெயில் காய ஒரு விளக்கு, அதன் பக்கத்தில் நீளமான புற ஊதா விளக்கு. இந்தப் புற ஊதா ஒளி இல்லாவிட்டால் தோலில் டி வைட்டமின் உருவாகாது, தின்ற கால்சியம் எலும்பில் சேராது. எலும்பு வளைந்துபோன குட்டியை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்த விளக்கில் காசு மிச்சம் பிடிக்க மாட்டார்கள்.

கனடாவின் குளிர்காலம்தான் இங்கே பெரிய சவால். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுவிடும். பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் விடியற்காலையில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள், இரவில் மூடுபனி விடும் கருவி. பகலில் கூண்டு நன்றாகக் காய வேண்டும், எப்போதும் ஈரமாகவே இருந்தால் நுரையீரலில் நோய் வரும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிக்கெட் பூச்சி, பட்டுப்புழு. பூச்சிக்கு முதலில் நல்ல கீரையும் கேரட்டும் கொடுத்து, கால்சியம் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். நாக்கைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது. உடல் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம்கூடப் போகும். நாக்குத் தசை நேரடியாகத் தள்ளுவதில்லை. மீள்தன்மையுள்ள உறைகளை முதலில் இழுத்து முறுக்கேற்றி, பிறகு ஒரே நொடியில் விடுகிறது. ஏமன் பச்சோந்தியை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், குளிரில் உடம்பு மந்தமாக இருக்கும்போதும் நாக்குப் பாயும் வேகம் அதிகம் குறைவதில்லை, திரும்பி உள்ளே வருவதுதான் தாமதமாகிறது என்று கண்டார்கள். விளக்கு எரிவதற்கு முன் ஒரு பூச்சியைக் காட்டினால் இதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம்.

இனி இனப்பெருக்கம். இதற்காகத்தான் நான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டேன்.

பாந்தர் பெண் எந்த ஊர்க்காரியானாலும் ஏறக்குறைய ஒரே சாயல்தான்: வெளிர் பழுப்பு, இளஞ்சிவப்பு. தயாராக இருக்கிறாளா என்பதை அந்த நிறமே சொல்லும். பீச் பழ நிறத்தில் அமைதியாக இருந்தால் ஆணின் கூண்டருகே கொண்டுபோகலாம். ஆண் அவளைக் கண்டதும் எல்லா நிறங்களையும் ஏற்றிக்கொண்டு, தலையை வெட்டி வெட்டி ஆட்டியபடி கிளையில் இறங்கி வருவான். அவளுக்கு விருப்பமில்லை என்றால் கருத்து, வாயைப் பிளந்து, உடம்பை அசைத்து விரட்டுவாள். உடனே அவளை எடுத்துவிட வேண்டும், இரண்டாம் பேச்சு கிடையாது. சேர்ந்து சில நாட்களில் அவள் உடம்பு கரும்பழுப்பாகி, அதன்மேல் ஆரஞ்சுத் தடங்கள் விழும். கரு தரித்துவிட்டாள், இனி எந்த ஆணும் கிட்ட வரக் கூடாது.

சுமார் ஒரு மாதத்தில் அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கூண்டின் தரையில் அலையத் தொடங்குவாள். ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டி அதற்கு முன்பே கூண்டில் இருக்க வேண்டும். கூண்டைத் துணியால் மூடிவிட்டு, நாம் விலகிவிட வேண்டும். யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றினால் தோண்டியதை அப்படியே விட்டுவிடுவாள். முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கே ஆபத்து. எல்லாம் ஒழுங்காக நடந்தால் சுரங்கம் தோண்டி, இருபது முப்பது முட்டை வரை இட்டு, மண்ணைத் தள்ளி மூடி, காலால் அழுத்திச் சமப்படுத்திவிட்டுத்தான் மேலே ஏறுவாள். மெலிந்து, தாகத்தோடு வருவாள். அன்றைக்கு அவளுக்கு நீண்ட நேரம் தண்ணீர் சொட்ட விடுவேன்.

முட்டைகளைப் புரட்டாமல், இருந்த வாக்கிலேயே எடுத்து, வெர்மிகுலைட் என்ற, ஈரத்தைப் பிடித்து வைக்கும் தாதுத் துகளை நனைத்து நிரப்பிய டப்பாவில் வைப்பேன். பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருப்பு. முதலில் சில வாரங்கள் சற்றுக் குளிர்ச்சி, பிறகு அறை வெப்பம். மடகாஸ்கரின் குளிர் பருவம் வந்து போய்விட்டது என்று முட்டை அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. பார்சன் பச்சோந்தி என்று ஒரு பெரிய மடகாஸ்கர் இனம் உண்டு, அதன் முட்டை பொரிய ஒன்றரை இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். மறுகோடியில் லாபோர்டு பச்சோந்தி. அதே தீவின் தென்மேற்கில் வாழ்வது. எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள்ளேயே கழித்து, வெளியே வந்து நாலைந்து மாதத்தில் வளர்ந்து, முட்டையிட்டு, இறந்துவிடும். வருடத்தில் பல மாதங்கள் அந்த இனம் முழுவதுமே மண்ணுக்குள் முட்டையாக இருக்கிறது. நான் அதை வளர்க்கவில்லை, வளர்க்க ஆசையும் இல்லை, அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் என் டப்பாவைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அதை நினைப்பேன்.

பொரியப் போகும் முட்டையில் முதலில் வியர்வைத் துளி பூக்கும். அப்புறம் ஓடு சற்றே தளர்ந்து, முனையில் கீறல் விழும். மூக்கை மட்டும் வெளியே நீட்டியபடி குட்டி மணிக்கணக்கில் இருக்கும். கரு மஞ்சளை உறிஞ்சி முடிக்கும் நேரம் அது, இழுத்துவிடக் கூடாது. ஒன்று வந்தால் மற்றவை பெரும்பாலும் தொடர்ந்து வந்துவிடும். ஒரு கிராம்கூட எடை இருக்காது. ஆனால் முழுப் பச்சோந்தி: கண் சுழலும், வால் சுருளும், ஓரிரு நாளில் பறக்காத பழ ஈக்களை நாக்கால் அடித்துப் பிடிக்கும். அந்தக் கூண்டின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

அடுத்த ஆனந்தம் நிறத்துக்குக் காத்திருப்பது. குட்டிகள் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. நாலைந்து மாதத்தில் ஆண்களிடம் ஒரு நீலக் கோடு, கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு என்று தென்படும். ஒரு வருடத்துக்குப் பிறகும் நிறம் முற்றிக்கொண்டே போகும். அப்பனின் சிவப்புப் பட்டை மகனுக்கு வருமா, தாயின் அப்பனுடைய நீலம் வருமா? யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதனால்தான் குறிப்பேடு முக்கியம். பெண்ணைப் பார்த்து அவள் எந்த ஊர்க்காரி என்று சொல்ல முடியாது. எழுதி வைக்காவிட்டால் அந்த மரபு அங்கேயே தொலைந்துவிடும். எந்த ஆண், எந்தப் பெண், என்று இட்டது, என்று பொரிந்தது, யாரிடம் போனது எல்லாவற்றையும் எழுதுகிறேன். இங்கிருந்து போன குட்டியின் பேரக்குட்டி வேறொருவரிடமிருந்து என் அறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. குறிப்பேட்டில் அந்தக் கோட்டை வரைந்து சேர்த்த அன்று எனக்கிருந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

பாந்தரோடு நிற்கவில்லை. தலையில் உயர்ந்த கொண்டையுள்ள ஏமன் பச்சோந்தி வந்தது. அந்த ஆண் குட்டியைப் பொரிந்த அன்றே அடையாளம் காணலாம், பின்னங்காலில் குதிமுள் இருக்கும். இந்த இனத்துப் பெண் ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். அளவுக்கு மீறித் தீனி போட்டால் முட்டை அளவுக்கு மீறிப் பெருகி, அவள் ஆயுளைத் தின்றுவிடும். பிறகு கென்ய மலைகளின் ஜாக்சன் பச்சோந்தி. ஆணுக்கு மூன்று கொம்பு. முட்டையிடாது, குட்டி போடும். மெல்லிய சவ்வுக்குள் சுருண்ட குட்டி கிளையிலிருந்து விழுந்து, விழுந்த அதிர்ச்சியில் விழித்து, சவ்வைக் கிழித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். இதற்கு இரவு நன்றாகக் குளிர வேண்டும். மற்றவர்கள் குறை சொல்லும் எங்கள் பேஸ்மென்ட் குளிர் இதற்கு அப்படியே பொருந்திப்போனது.

வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். முதலில் கூண்டைக் கட்டி, செடி வைத்து, விளக்கும் தண்ணீரும் ஒரு வாரம் ஓடட்டும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து பார்த்து, சரியாக நின்ற பிறகுதான் பிராணி வர வேண்டும். அடுத்தது, தாய் தகப்பனைக் காட்டத் தயாராக இருக்கும் வளர்ப்பாளரிடம், குறைந்தது மூன்று மாதம் ஆன குட்டியை வாங்குங்கள். கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசை இருந்தால் இது உங்களுக்கான பிராணி அல்ல. உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கும் என்றால் வாருங்கள். என் டப்பாக்களில் இப்போது அம்பிலோபே முட்டைகள் இருக்கின்றன. கோடை முடிவதற்குள் பொரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.