கோரிங்கை மடக்கியவர், பென்ட்லியைக் கைவிட்டவர்

[திரையில்: நியூரம்பெர்க் நீதிமன்றம், மார்ச் 1946]

நாஜித் தலைவர்கள் மீதான போர்க்குற்ற விசாரணை. சாட்சிக் கூண்டில் ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங். அமெரிக்கத் தரப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன் கேட்டதற்கெல்லாம் நீட்டி முழக்கிப் பதில் சொல்லி, அவரையே திணறடித்துவிட்டார். அடுத்து எழுந்தவர் பிரிட்டனின் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப்.

எடுத்த எடுப்பிலேயே தேதிகளுக்குப் போனார். 1944-ல் சாகன் என்ற ஊரில் இருந்த போர்க்கைதி முகாமிலிருந்து தப்பிப் பிடிபட்ட நேச நாட்டு விமானப்படை அதிகாரிகள் 50 பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அப்போது லீவில் இருந்தேன் என்றார் கோரிங். லீவு மார்ச் 29 வரைதான். கொலைகள் ஏப்ரல் 13 வரை நடந்தன! கோரிங்கின் மிடுக்கு அங்கேதான் ஆட்டம் கண்டது.

யார் இந்த ஃபைஃப்? எடின்பரோவில் பிறந்தவர். 1922-ல் பாரிஸ்டர், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் ஆகி, லிவர்பூலில் தொழில் நடத்தினார். 1935-ல் அதே ஊரிலிருந்து கன்சர்வேட்டிவ் எம்.பி. ஆனார். நல்ல பாரிஸ்டர் ஒருவர் எம்.பி. ஆகிவிட்டால், அரசின் சட்ட அதிகாரி பதவி தேடி வரக்கூடும். 1942-ல் சொலிசிட்டர் ஜெனரல் பதவி இவருக்கு வந்தது.

[திரையில்: ஸ்ட்ராஸ்பர்க், 1949]

நியூரம்பெர்க்கில் பார்த்ததை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தை உருவாக்கிய சட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1950 நவம்பரில் அது ரோமில் கையெழுத்தானது. ஒரு வழக்கறிஞர் அரசியலுக்கு வந்து செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் இதுதான் என்பேன்.

அதனால்தான் அடுத்து நடந்தது மனதை உறுத்துகிறது.

1951-ல் சர்ச்சில் அரசில் உள்துறை அமைச்சர் ஆனார். மறு ஆண்டு, க்ராய்டனில் ஒரு கிடங்கின் மொட்டை மாடியில் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் கிறிஸ்டோபர் கிரெய்க், வயது 16. தூக்கில் போட முடியாத வயது. கூடப் போன டெரெக் பென்ட்லிக்கு 19. அந்தக் குண்டு பாயும்போது அவன் ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தான். ஆனாலும் குற்றத்தில் கூட்டாளி என்று மரண தண்டனை அவனுக்குத்தான்.

ஜூரியே கருணை காட்டச் சொன்னது. சுமார் 200 எம்.பி.க்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். தண்டனையைக் குறைக்கும்படி அரசிக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் உள்துறை அமைச்சருக்கு இருந்தது. ஃபைஃப் மறுத்துவிட்டார். 1953 ஜனவரி 28 காலை பென்ட்லி தூக்கிலிடப்பட்டான்.

அவர் உருவாக்கிய ஒப்பந்தமும் அன்றைக்கு மரண தண்டனையைத் தடுக்கவில்லை, உண்மைதான். ஆனால் சட்டம் அவர் கையைக் கட்டிப் போடவும் இல்லை. முடிவு அவருடையது.

அடுத்த ஆண்டே லார்டு சான்சலர் ஆகி, நீதித்துறையின் உச்சத்துக்குப் போனார். 1962-ல் பிரதமர் மேக்மில்லன் ஒரே நாளில் ஏழு அமைச்சர்களை நீக்கியபோது பதவி இழந்தார். 1967-ல் காலமானார்.

பென்ட்லியின் அக்கா ஐரிஸ் பல்லாண்டு போராடி, 1997-ல் இறந்துபோனார். மறு வருடம், 1998 ஜூலையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் பென்ட்லி மீதான கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது.