லூ அடிக்கும் மாதங்களில் ஊழியம்

அன்பான தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, அழைப்பைப் பற்றியும் அர்ப்பணிப்பைப் பற்றியும் காலையில் ஐயாமார் பேசிவிட்டார்கள். வடக்கே ஊழியத்துக்குப் போகிற உங்களுக்குச் சொல்லும்படி எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வெயில். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா, சித்ரகூட் பக்கத்துக் கிராமங்களில் வாலிப வயதில் ஊழியம் செய்தவன் என்பதால், ஏப்ரல் கடைசியில் தொடங்கி மழை இறங்கும் வரைக்கும் அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

"எங்க ஊர்ல பார்க்காத வெயிலா?" என்று நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். இது வேறு வெயில், தம்பி. நம் ஊரில் வியர்த்துக் கொட்டும், சட்டை முதுகோடு ஒட்டும், உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது என்று நமக்கே தெரியும். அங்கே காற்று காய்ந்து கிடப்பதால் வியர்வை வந்த கையோடு ஆவியாகிவிடும், சட்டை நனையவே நனையாது, நெற்றியைத் தடவினால் உப்பு மட்டும் நறநறவென்று விரலில் படும். பாந்தாவில் 2022 மே மாதம் 49 டிகிரி பதிவானது. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரிதான், ஆகவே மேற்கிலிருந்து லூ என்கிற அனல் காற்று அடிக்கும்போது அந்தக் காற்றே உடம்புக்குள் சூட்டை ஏற்றும். அங்குள்ள பெரியவர்கள் தலை, காது, மூக்கு எல்லாவற்றையும் கம்ச்சாத் துண்டால் சுற்றிக்கொண்டு கண் மட்டும் தெரிய நடப்பது அதனால்தான். அரைக்கை டி-ஷர்ட்டோடு போய் நிற்காதீர்கள். முழுக்கை பருத்திச் சட்டை, ஒரு கம்ச்சா, இரண்டும் வேதாகமத்தோடு பையில் இருக்கவேண்டும்.

சரி, நாள் எப்படித் தொடங்கும்? இருட்டோடு தொடங்கும். மார்ச், ஏப்ரலில் மஹுவாப் பூ உதிரும் (நம் இலுப்பை இனம்தான்), மே மாதம் தேந்து இலை பறிக்கிற காலம். நம் முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் பீடி சுற்றுகிற இலை மத்திய இந்தியாவில் இந்த மாதிரிக் காடுகளிலிருந்துதான் வருகிறது. கோல் இன மக்கள் குடும்பத்தோடு விடியுமுன்னே காட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் இலைச் சுமையோடு திரும்பிவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்கு நீங்கள் வீடு சந்திக்கப் போனால் கிழவிகளும் ஆட்டுக்குட்டிகளும்தான் இருக்கும். அவர்கள் திரும்பி வந்து மர நிழலில் உட்கார்ந்து இலையை எண்ணி, ஐம்பது இலைக்கு ஒரு கட்டாகக் கட்டுகிற நேரம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் உங்கள் நேரம். ஜெபிக்கவா, பாட்டுப் பாடவா என்று உடனே ஆரம்பிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கட்டுங்கள். காம்பெல்லாம் ஒரே பக்கம் வரவேண்டும், கிழிந்த இலையைத் தள்ளவேண்டும், நார் இறுக்கமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் இலை வாங்குகிற இடத்தில் கழித்துவிடுவார்கள், அந்தக் கூலி போச்சு. நான் இந்தி பேசக் கற்றதில் பாதி அந்த மர நிழலில்தான், மகள் கல்யாணம், கடன், குழந்தையின் காய்ச்சல் என்று அவர்கள் மனசு விட்டுச் சொன்னதெல்லாம் கை வேலையாக இருந்தபோதுதான்.

பதினொன்றரைக்கு மேல் வெளியே போகாதீர்கள், அவ்வளவுதான். கதவைச் சாத்தி, சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, மொழி படியுங்கள், தூங்குங்கள். கரண்ட் இருக்காது. போனை வெயிலில் வைத்தால் சூடேறி அதுவே அணைந்துவிடும். அந்த ஐந்து மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று மனசு குத்தும், ஆதரவாளர்களுக்கு என்ன எழுதுவது என்று தோன்றும். ஊரே உள்ளே இருக்கும்போது நீங்கள் மட்டும் வெளியே அலைவதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன். இங்கிலாந்திலிருந்து வந்த ஊழியர் ஹென்றி மார்ட்டின் 1809 ஏப்ரலில் அனல் காற்றுக்குள் பல்லக்கில் இரவும் பகலுமாகப் பயணம் செய்து கான்பூர் வந்து இறங்கியவுடனே மயங்கி விழுந்தார், 1812-ல் 31 வயதில் துருக்கியிலுள்ள தோகாத்தில் மரித்தார். கல்கத்தாப் பேராயர் ஹீபர் நம் திருச்சியில் 1826 ஏப்ரல் 3-ம் தேதி காலை ஆராதனைகளை முடித்து, அந்தச் சூட்டோடு குளிர்ந்த நீரில் குளிக்க இறங்கினவர் உயிரோடு வெளியே வரவில்லை, வயது 42. இவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய பக்தியைப் பின்பற்றுங்கள், வெயிலில் அவர்கள் செய்ததைப் பின்பற்ற வேண்டாம்.

அப்புறம், தண்ணீர். இதை நிதானமாகச் சொல்லவேண்டும். மானிக்பூர் பக்கம் பாட்டா என்கிற மேட்டு நிலத்தில் மே மாதம் கைபம்புகள் வற்றிவிடும், பெண்கள் தலையில் இரண்டு குடம் அடுக்கி நெடுந்தூரம் நடப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு நீங்கள் போனவுடன் அந்த அம்மா "பைட்டோ பையா" (உட்காரு தம்பி) என்று கட்டிலைக் காட்டுவார், முதலில் ஒரு துண்டு வெல்லம், பிறகுதான் லோட்டாவில் தண்ணீர். வெயிலிலிருந்து வந்தவன் வெறும் வயிற்றில் மடமடவென்று குடிக்கக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் முகம் கழுவாதீர்கள். பாதி குடித்து மீதியைக் கொட்டாதீர்கள். நாம் ஏதோ கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் ரயில் ஏறுகிறோம், அங்கே முதலில் வாங்குகிறவர்கள் நாம்தான். சீஷனுக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுக்கிறவன் பலனை இழந்துபோகான் என்று ஆண்டவர் சொன்ன இடத்தைத் திரும்பப் படியுங்கள், அங்கே கையேந்தி நிற்கிறவன் சீஷன். சமாரியாவில் கிணற்றோரம் நடுப்பகலில் களைத்து உட்கார்ந்த ஆண்டவரும் முதலில் தண்ணீர்தான் கேட்டார்.

சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்தால் புழுதி வாசனையோடு அனல் கிளம்பும், பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள், ஒன்பது மணிக்கு மேல் முற்றத்தில் கட்டில்களைப் போட்டுக்கொண்டு ஜெபக்கூட்டம். டோலக் சத்தம் நடுராத்திரி வரை கேட்கும்.

உடம்பு விஷயம் சுருக்கமாக. புது உடம்பு அந்தச் சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை சைக்கிளை எடுக்காதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மட்டமாக அளந்து போடவேண்டும். கூட இருப்பவன் பேச்சு குழறினால், உடம்பு கொதித்து நினைவு தடுமாறினால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்), ஜெபித்துக்கொண்டே அவன்மேல் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள், நினைவில்லாத வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு என்பதற்காக மே மாதமே வாலிபர் குழுக்களை வடக்கே அனுப்புகிறோம். அவர்கள் பத்து நாளில் வந்துவிடுவார்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் சுமக்கிறது யார்? நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அனுப்புங்கள். அந்த மே மாதச் செலவில் பணித்தளத்தில் இருக்கிற குடும்பத்துக்கு ஒரு ஏர்கூலரும் இன்வெர்ட்டரும் வாங்கிக் கொடுங்கள், "எத்தனை கிராமம் போனீர்கள்?" என்று அந்த இரண்டு மாதமும் கேட்காதீர்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் மிஷனெரி சங்கம் தொடங்கி வடக்கே ஆள் அனுப்பின மண் இது, அனுப்பத் தெரிந்த நமக்குப் பாதுகாக்கவும் தெரியவேண்டும்.

இந்த வாரம் ரயில் ஏறுகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு சமையல்கட்டுப் பக்கம் வாருங்கள். வறுத்த கடலை மாவும் மாங்காயும் கொண்டுவந்திருக்கிறேன், அந்த மாவில் 'சத்து' என்கிற பானம் கரைக்கவும் மாங்காய் சுட்டு 'பன்னா' என்கிற பானம் போடவும் காட்டித் தருகிறேன்.