மலையிறங்கிப் போன கடை

(குன்னூரில் வணிகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. நடுவில் கரண்ட் போய் மைக் நின்ற இடங்களை நினைவிலிருந்து சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, "செயின் கடை இனி ஒன்றுகூட மலையேறக் கூடாது" என்று முடித்தார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். தட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முன்வரிசைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். தென்னிந்தியாவின் பழைய செயின் கடைகளில் ஒன்று இந்த மலையிலிருந்து இறங்கிப் போனதுதானே!

கோயம்புத்தூருக்கும் மலைக்கும் நடுவே வெள்ளைக்காரர்களின் தபாலைச் சுமந்தவர் முத்துசாமி முதலியார். தபாலோடு வெண்ணெய் வியாபாரமும் கைக்கு வந்தது. 1905ல் தொடங்கிய அந்த வியாபாரம்தான் நீலகிரீஸ். 1936ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போனது, அப்புறம் சூப்பர் மார்க்கெட் ஆனது, ஊர் ஊராகக் கிளை விட்டது, கை மாறியது, 2014ல் ஃபியூச்சர் குழுமம் அதை வாங்கியது. கடைசியில் பெயர்ப்பலகையில் மட்டும் நம் மலை மிஞ்சியது. அவர் கெட்டிக்காரர், தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் நம்மில் யாருக்காவது அந்த யோகம் அடித்தால் "வேண்டாம், நான் எட்டடிக் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்வோமா? அதனால் செயின் கடைக்காரர்களை ராட்சசர்கள் மாதிரி பேசுவதை முதலில் விடுவோம், அது வேலைக்கு ஆகாது.

எங்கள் கடை மார்க்கெட்டுக்குள் இருக்கிறது, தாத்தா வைத்தது. ஆனால் நான் படிப்பு முடித்ததும் நேராக அங்கே வந்து உட்காரவில்லை. கீழே ஒரு பெரிய செயின் கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், அங்கே கற்றதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். கண் உயரத்தில் இருக்கிற தட்டில் எந்த பிஸ்கட் நிற்க வேண்டும் என்பதைக் கடை மேனேஜர் முடிவு செய்வதில்லை. அந்த இடத்துக்கு கம்பெனி காசு கொடுக்கிறது, அதாவது செயின் கடைக்குச் சரக்கை விற்பதில் ஒரு லாபம், சரக்கை நிற்க வைப்பதில் இன்னொரு லாபம். நாம் ஏஜென்சி வேனுக்காகக் காத்திருந்து, அவன் தருகிற விலைக்கு வாங்கி, "அண்ணா, இந்த வாரம் ஸ்கீம், தள்ளுபடி எதுவும் இல்லை" என்று அவன் சொல்வதையும் கேட்டுக்கொள்கிறோம். இதை வெளியே சொல்ல வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்: போன வருடம் ஒரு ஆஃபர் நாளில் அவர்கள் விற்ற எண்ணெய் விலை என் கொள்முதல் விலையைவிடக் குறைவு. நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் பத்து பாக்கெட் வாங்கி வந்து என் கடையில் வைத்து விற்றேன். அங்கே பில் போட்ட பெண் பிள்ளை என்னைத் தெரிந்தவள், "என்ன அண்ணா, வீட்டில் விசேஷமா?" என்று கேட்டாள்.

(சிரியுங்கள், சிரியுங்கள். உங்களில் இரண்டு பேரை அந்த வரிசையிலேயே பார்த்தேன்.)

கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பக்கத்தில் கேத்தி பாலாடாவில் பிடுங்குகிறார்கள், அங்கேயே மெஷினில் கழுவுகிறார்கள், மூட்டை கட்டி லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஏலம். செயின் கடை வாங்கினால் அது அவர்களுடைய குடோனுக்குப் போய், தரம் பிரித்து, ஸ்டிக்கர் ஒட்டி, மறுபடி அதே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, விளைந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஏசி தட்டில் வந்து உட்காரும். இந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள், எல்லாக் கிளைக்கும் ஒரே வரைபடம். ஆனால் நம் காய்கறிக் கடைக்காரர்கள் மட்டும் என்ன, பாதிப் பேர் மேட்டுப்பாளையத்திலிருந்துதானே எடுக்கிறோம்? பாலாடாவுக்கு விடிகாலையில் ஒரு பிக்கப் அனுப்ப நமக்குள் நான்கு கடை சேரவில்லை. 1935லேயே இந்த மலை விவசாயிகள் சேர்ந்து நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை ஆரம்பித்துவிட்டார்கள், போனும் கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. நம் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படம் மட்டும் தவறாமல் வருகிறது.

சரி, அவர்களிடம் இல்லாதது நம்மிடம் என்ன இருக்கிறது? கடன் கணக்கு நோட்டு. சின்ன தேயிலை விவசாயி இலையை பேக்டரியில் போடுகிறார், மாசத்துக்கு என்ன விலை என்று தேயிலை வாரியம் அறிவித்து, பேக்டரி கணக்குப் பார்த்து, பணம் கைக்கு வர அடுத்த மாசம் ஆகிறது. அந்த இடைவெளியில் அவர் வீட்டில் அரிசி எப்படி வேகிறது? நம் நோட்டில்தான். பணம் தாமதமானால் நம் வசூல் தாமதம், இலை விலை சரிந்தால் நம் பாக்கி வசூலும் சரியும். என் அப்பா பேப்பரில் தங்க விலை பார்க்க மாட்டார், பசுந்தேயிலை விலையைத்தான் பார்ப்பார். எந்த வீட்டுக்கு எத்தனை மாசம் பொறுக்கலாம் என்பது அவர் மண்டைக்குள் இருந்தது, எந்த கம்ப்யூட்டரிலும் இல்லை. 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் நாற்பது பேருக்கும் மேல் செத்துப்போனார்களே, மேட்டுப்பாளையம் ரோடு மூடிக்கிடந்தபோது கீழேயிருந்து லாரி வரவில்லை. குடோனில் மூட்டை வைத்திருந்த கடைகள்தான் ஊருக்குச் சோறு போட்டன. அப்பா ஒரு வீட்டுக்கு ஐந்து கிலோ என்று அளந்து கொடுத்தார், கூடக் கேட்டவரிடம் சண்டை போட்டார், ஒரு ரூபாய் ஏற்றவில்லை. குடோன் வைப்பது நஷ்டம் என்பது எனக்கு செயின் கடையில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சரக்கு தூங்கக் கூடாதாம். மலையில் கொஞ்சம் சரக்கு தூங்கத்தான் வேண்டும்.

இப்போது நீங்கள் கை தட்டினீர்கள். இனி சொல்லப்போவதற்குத் தட்ட மாட்டீர்கள்.

ஏப்ரல், மே வந்தால் நம் கடைகளில் விலை மாறுகிறதா இல்லையா? டூரிஸ்டுக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை. உள்ளூர்க்காரரே புதிதாகக் குடிவந்தவராக இருந்தால், பேச்சில் கொஞ்சம் மதுரையோ சென்னையோ வாடை அடித்தால், அவருக்கும் டூரிஸ்ட் விலை. அந்த மனுஷர் ஒரே ஒரு தடவை ஏமாந்தார், அப்புறம் வாழ்நாள் முழுக்க விலை அச்சடித்த கடைக்குத்தான் போவார், ஏன் போக மாட்டார்? பில் கேட்டால் நாம் முறைக்கிறோம். கீழேயிருந்து கட்டிக்கட்டியாக வரும் சாக்லேட்டை உருக்கி ஊற்றிவிட்டு ஹோம் மேட் என்று போர்டு வைக்கிறோம். புவிசார் குறியீடு வரைக்கும் போன ஊட்டி வர்க்கியை, பழைய எண்ணெய் நாற்றத்தோடு சீசன் கூட்டத்தின் தலையில் கட்டுகிற கடைகளும் நம்மிடம் இருக்கின்றன. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021ல் நம் மாநிலத்திலேயே சட்டம் வந்தது. இந்த அரங்கில் இருப்பவர்களில் எத்தனை பேர் கடையில் ஸ்டூல் இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம், விடுங்கள்.

ஆனால் விலை, பில், ஸ்டூல் எல்லாவற்றையும் சரி செய்தாலும் நம்மைச் சாய்க்கப்போவது வாடகை. கோயம்புத்தூர் கணக்கில் வாடகை பேச அவர்களால் முடியும், ஒரு கிளை இரண்டு வருடம் நஷ்டத்தில் ஓடினாலும் மற்ற கிளைகள் தாங்கும். அந்தக் கட்டிடம் யாருடையது? நம்முடையது. மெயின் ரோட்டில் மூன்று உள்ளூர்க் கடைகளைக் காலி செய்து, சுவரை இடித்து, ஒரே ஷட்டராக்கி கம்பெனிக்குக் கொடுத்தவர் வெளியூர்க்காரர் இல்லை. பெயர் சொல்ல மாட்டேன், அவர் பிள்ளை காதுகுத்துக்கு நாம் எல்லோரும்தான் மொய் எழுதினோம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா கடற்கரையோரம் கார்மெல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. நம் மாதிரியே வெளியாட்கள் வந்து போவதால் பிழைக்கிற ஊர், நமக்குப் பனி மாதிரி அவர்களுக்குக் கடல். 1980களின் நடுவிலேயே செயின் உணவகம் இங்கே கூடாது என்று விதி போட்டார்கள். சான் டியாகோவுக்கு எதிரே இருக்கிற கொரனாடோ என்ற கடற்கரை ஊர் 2000ல் கடைகளுக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரே பெயர், ஒரே அலங்காரம், ஒரே சீருடையோடு பல இடங்களில் இருக்கிற கடை என்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வழக்குப் போட்டார்கள், 2003ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்று ஆளைப் பார்க்காமல் போர்டைப் பார்க்கிற சட்டம், அதுதான் அதன் சாமர்த்தியம். ஆனால் கார்மெலில் இன்றைக்கு வீட்டு விலை கோடீஸ்வரர்களுக்குத்தான் கட்டும். செயின் போர்டு வராமல் தடுத்தார்கள், அதனால் ஆணியும் பல்பும் விற்கிற சாதாரணக் கடைக்கு அங்கே இடம் கிடைத்துவிடுமா என்ன?

நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2012ல் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சில்லறை வியாபாரத்தில் 51 சதவீதம் வரை கதவைத் திறந்தபோது, பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கிற நகரங்களுக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள், மாநிலமும் சம்மதிக்க வேண்டும், தமிழ்நாடு சம்மதிக்கவில்லை. 2011 கணக்குப்படி நம் மாவட்டம் முழுக்கச் சேர்த்தே 7,35,394 பேர். ஆக வெளிநாட்டுக்காரனை நாம் கேள்வி கேட்க வேண்டிய தேவையே வரவில்லை, வந்தவர்கள் எல்லாம் நம் நாட்டுக்காரர்கள். கட்டிட உயரம் 7 மீட்டர் தாண்டக் கூடாது என்கிற மலைப்பகுதி விதியை நாம் எத்தனை தடவை திட்டியிருப்போம்? பெரிய மால் ஒன்று இங்கே எழும்பாமல் இருப்பதில் அந்த விதிக்கும் பங்கு உண்டு. அடுத்த தடவை அதைத் தளர்த்தச் சொல்லி மனு எழுதும்போது கொஞ்சம் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் கேட்பது இரண்டு. கட்டிடம் வைத்திருக்கிற உறுப்பினர்கள், கடை காலியானால் கம்பெனி புரோக்கருக்குப் போன் போடுவதற்கு முன் முப்பது நாள் சங்கத்துக்குச் சொல்லுங்கள். குறைந்த வாடகைக்குக் கேட்கவில்லை, முதலில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டாவது, எண்ணெய், பருப்பு, சோப்பு இந்த மூன்றை மட்டும் இருபது கடை சேர்ந்து வாங்கிப் பார்ப்போம். ஏஜென்சிக்காரர் கோபப்படுவார், படட்டும், இருபது கடை ஆர்டர் என்றால் அவரே ஸ்கீமோடு வருவார்.

புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு, ஷட்டர் இறக்கியதும், என் குடோனுக்கு வாருங்கள். போன மாசத்துக் கொள்முதல் பில்லைக் கொண்டுவர வேண்டும். யார் என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று ஒருவருக்கொருவர் காட்டியதே இல்லை, அதனால் கை நடுங்கும், தெரியும். எனக்கும்தான். என் பில்லை முதலில் மேஜையில் வைக்கிறேன், அந்தப் பத்து எண்ணெய் பாக்கெட் பில்லையும் சேர்த்து.