நினைவு துணை வரும், பேச்சுத்துணைக்கு ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'நெடுங்காலம் வாழ்கிறவருக்கு இழப்பையும் தனிமையையும் தாங்கும் பலத்தைத் தருவது பழைய நினைவுகளா, புதிய உறவுகளா?' இதுதான் தலைப்பு. புதிய உறவுகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டுப் போனார். அறுபது வருடம் கூட வாழ்ந்தவரின் இடத்தை நேற்று வந்தவர் நிரப்ப முடியாது என்றார். வயது ஏற ஏற மனிதர் தாமே தம் வட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறார், அதில்தான் நிம்மதி என்றார். எண்பத்தைந்துக்கு மேல் புதிதாக ஒருவரோடு பழகுவது இன்னொரு சாவுக்குக் காத்திருப்பது போலத்தான் என்றும் சொன்னார்.

முதல் வாதத்துக்கு வருகிறேன். இடத்தை நிரப்ப முடியாது என்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறோம். நிரப்பச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. ஆனால் நினைவு எப்படி உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் பழைய சம்பவம் ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறார். 'இல்லை இல்லை, அன்றைக்கு மழை, குடையை மறந்தது நீதான்' என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் திருத்துகிறது. நீண்ட ஆயுள் முதலில் பறித்துக்கொள்வது அந்தத் திருத்தும் குரலைத்தான்.

வயது ஆவணங்களால் உறுதி செய்யப்பட்டவர்களில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் பிரான்ஸின் ஆர்ல் நகரைச் சேர்ந்த ழான் கால்மான். 1875-இல் பிறந்து 1997-இல், தம் 122-ஆவது வயதில் மறைந்தார். அவருடைய மகள் 1934-இல் போய்விட்டார், கணவர் 1942-இல், ஒரே பேரன் 1963-இல். அதன்பிறகும் 34 ஆண்டுகள் வாழ்ந்தார். மகளின் குழந்தைப் பருவத்தைப் பற்றி அவர் யாரிடமாவது பேச வேண்டுமென்றால், பிற்பாடு வந்து சேர்ந்த ஒருவரிடம்தான் பேசியாக வேண்டும். எதிரணி போற்றுகிற அந்த நினைவுகளுக்கே ஒரு புதிய காது தேவைப்படுகிறது, நடுவர் அவர்களே!

சரி, இழப்பு நேர்ந்த உடனே? அப்போதாவது நினைவு போதுமா? மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்த பிரிட்டன் ஆய்வு 1969-இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே நேர்ந்த இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்ந்த ஆண்களைவிட ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். அந்த அதிகரிப்பில் பெரும்பகுதிக்குக் காரணம் இதய நோய்கள். துயரம் உடம்பை நேரடியாகவே தாக்குகிறது என்பது உண்மை. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: இறந்தவர் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகள் நின்றுபோகின்றன. மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர் இல்லை. தண்ணீர் குடித்தாயா என்று கேட்டவர் இல்லை. ஒருவருக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று ஒருவேளைச் சாப்பாடு தவறுகிறது, பிறகு அதுவே பழக்கமாகிறது.

அதனால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் இறந்தவர் செய்துவந்த வேலைகள் அத்தனையும்: மருந்து, வங்கி, கதவு பூட்டுவது, கண் பரிசோதனைத் தேதியை ஞாபகம் வைப்பது, இரவில் எழுந்தால் விளக்குப் போடுவது. வலப்பக்கம் இனி அதை யார் செய்வார் என்று ஒரு பெயர். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதக் கூடாது, பெயர்தான் எழுத வேண்டும். பெயர் எழுத முடியாமல் காலியாக நிற்கும் வரிகள்தான் ஆபத்தான வரிகள். எடையை மாதம் ஒருமுறை பார்த்துக் குறியுங்கள். முயலாமலே எடை இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போக வேண்டும். இதில் எந்த வரியையும் நினைவு செய்து கொடுக்காது.

நினைவை நாங்கள் ஒதுக்கித் தள்ளுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் துக்கத்தை இரட்டைப் பாதையாக விளக்கினார்கள். மனம் சிறிது நேரம் இழப்பிடம் போகும், சிறிது நேரம் வாழ்க்கையின் வேலைகளிடம் வரும். இப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம். ஒரு பக்கமே தங்கிவிட்டால்தான் சிக்கல். போய்வர இரண்டு கரை வேண்டுமில்லையா? எதிரணி ஒரு கரையை மட்டுமே காட்டுகிறது. ஓர் ஆண்டு கழிந்த பிறகும் அன்றாட வேலையே ஓடாதபடி ஏக்கம் அப்படியே நிற்கிறதென்றால், அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது வாதம், வட்டம் தானாகச் சுருங்குகிறது என்பது. மனிதர்கள் வயது ஏறும்போது மேலோட்டமான பழக்கங்களை விட்டு, மனதுக்கு நெருக்கமானவர்களோடு நிற்கிறார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதிரணி சொன்னது சரிதான். ஆனால் ஒரு முதியவர் தாமாக விரும்பி ஐந்து பேரை வைத்துக்கொண்டார், அந்த ஐந்து பேரையும் மரணம் கொண்டுபோய்விட்டது என்றால்? அதை நிம்மதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செடியில் களை பறிப்பதும் வேரைப் பிடுங்குவதும் ஒன்றா?

அப்படியானால் தொண்ணூறு வயதில் புதிய உறவை எப்படித்தான் உண்டாக்குவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள், அதனால் சற்று நிறுத்திச் சொல்கிறேன்.

முதலில் காது. முதுமைச் செவித்திறன் குறைவில் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், பல மெய்யெழுத்துகள் மங்கிவிடும். பேசுவது காதில் விழுகிறது, என்ன பேசினார்கள் என்பதுதான் புரிவதில்லை. இரண்டு முறை 'என்ன?' என்று கேட்டவர் மூன்றாம் முறை கேட்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஆறு மாதத்தில் வருவதையே நிறுத்திக்கொள்கிறார். வீட்டார் அதை 'அவருக்கு யாரும் பிடிக்கவில்லை' என்கிறார்கள்! காது கேட்கும் கருவி வாங்கினாலும் பலரிடம் அது இழுப்பறைக்குள் போகிறது. ஒரு காரணம், முதல் நாளே கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போவது. அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு, நாளுக்கு ஓரிரு மணி நேரம் என்று தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்ட வேண்டும். சொந்தக் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், அது பழகும். பழகாவிட்டால் கருவியின் அளவைச் சரிசெய்து வாங்க வேண்டும். திடீரென்று கருவியின் ஒலி குறைந்தால் அதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேசுகிறவர் ஒரு மீட்டர் தூரத்துக்குள், தம் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். கத்தினால் சொல் இன்னும் சிதையும்.

அடுத்தது நேரக் கணக்கு. அறிமுகமானவர் நண்பராக ஏறக்குறைய 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்று ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்கிட்டார். புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துப் போட்ட கணக்கு அது, முதியோரை வைத்தல்ல. ஆனாலும் திட்டமிட உதவும். வாரத்தில் இரண்டு முறை ஒவ்வொரு மணி நேரம் என்றால் 90 மணிக்கு 45 வாரம், ஏறத்தாழ ஓர் ஆண்டு. நான்கு தடவை வந்துவிட்டு 'ஒட்டவில்லை' என்று நின்றுவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தன்னார்வலரை அனுப்பினால் மணிக்கணக்கு ஏறவே ஏறாது. அதே முகம், அதே கிழமை, அதே நேரம் என்று இருக்க வேண்டும். 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்பது நல்ல மனதோடு சொல்லும் வார்த்தைதான். ஆனால் தொந்தரவாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறவர் கூப்பிடவே மாட்டார். 'செவ்வாய் மாலை ஐந்துக்கு நான் கூப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள்.

நேரில் வர முடியாதா? அதற்கும் சான்று இருக்கிறது. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 240 பேர் பங்கேற்றார்கள், வீட்டுக்கே உணவு கொண்டுவரும் திட்டத்தில் உணவு பெற்றுவந்தவர்கள். அவர்களில் பாதிப் பேரை 17 முதல் 23 வயதுவரையான இளையோர் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். முதல் சில நாட்கள் தினமும் அழைப்பு, பிறகு எத்தனை முறை என்பதை அழைப்பைப் பெற்றவர்களே தேர்ந்துகொண்டார்கள். நான்கே வாரத்தில் தனிமை உணர்வு, மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் குறைந்தன. அழைத்தவர்கள் சிறு பயிற்சி பெற்ற சாதாரண இளைஞர்கள், அதற்குமுன் முகம் தெரியாதவர்கள்!

இன்னொன்று. முதியவரைப் பெறுகிறவராகவே வைத்திருந்தால் எந்த உறவும் தழைக்காது. போகும்போது ஒரு வேலையோடு போங்கள்: ஒரு கணக்கைச் சரிபார்க்க, ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்க, ஒரு முடிவுக்கு யோசனை சொல்ல.

மூன்றாவது வாதம்தான் கனமானது. புதிய நண்பரும் இறப்பாரே! இறப்பார். அதனால்தான் புதிய வட்டத்தில் இரண்டு பேராவது இருபது முப்பது வயது இளையவர்களாக இருக்க வேண்டும் என்கிறோம். அப்படியும் சாவு வரும். முதியோர் இல்லங்களில் அடிக்கடி நடக்கும் தவறு, பக்கத்து அறைக்காரர் இறந்ததை மறைப்பது. 'மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்' என்பார்கள். இரண்டு நாளில் காலிக் கட்டிலைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார். அதன்பிறகு இல்லத்தார் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே பயன்படுத்தி, பெயரைச் சொல்லி, அதே நாளில் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். இறுதிச் சடங்குக்கு வருகிறீர்களா என்று கேட்க வேண்டும். கேட்டபிறகு அரை மணி நேரமாவது எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அப்படி உட்காரப்போகும் ஆள் யார் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவைக்குச் சொல்லட்டும், நடுவர் அவர்களே. வணக்கம்.