இரண்டு சித்தூர், ஒரு பாட்டு

(கேரளத்தின் தமிழ் எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில் வாயனசாலை, அதாவது நூலக, ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்து இன்னும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, வார்டு மெம்பர் அவர்களே, நாலாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து இன்றைக்கும் என் ழகரத்தைத் திருத்துகிற டீச்சர் அவர்களே, செக்ரட்டரி மாஷ் அவர்களே, சென்ற வருஷம் பெயர் சொல்ல விட்டுப்போனதால் ஆறு மாதம் என்னோடு பேசாமல் இருந்த தேங்காய் மண்டிக்காரர் அவர்களே, தாய்மார்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். தம்பியை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நானும் நாற்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் 'இசை ஆய்வாளர்' என்று போட்டிருக்கிறார்கள். ஆய்வும் இல்லை ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இசைத்தட்டுப் போட்டவன்.

பழைய இசைத்தட்டுகளில் பெண் குரல்கள் என்பது தலைப்பு. மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று குரல், இரண்டு மைக், மூன்றாவது பாட்டெழுதிய கவிஞர்கள். என் பாட்டி எதற்கெடுத்தாலும் "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பாள். குரலுக்கும் அது பொருந்தும்.

ஒரு பாடகியின் குரலை நான் வால்யூம் திருகை வைத்துத்தான் அளப்பேன். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் தட்டு என்றால் திருகைக் கால்வாசிக்கு மேல் திருப்ப மாட்டேன். மைக் இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை. 1953-இல் வந்த அவ்வையார் படத் தட்டைப் போட்டால், எதிரே மைக் என்று ஒன்று இருப்பதையே அந்த அம்மா பொருட்படுத்தவில்லை என்று தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத்துக்குத் திருகைப் பாதியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஒரு பக்கம் முடியும்வரை கை வைக்க வேண்டாம், அத்தனை சீராக வரும். சுசீலா மைக்குக்குப் பக்கத்தில் நின்று உங்கள் காதில் சொல்வது போலப் பாடுவார். கொஞ்சம் ஏற்றி வைத்தாலும் ஒரு எழுத்து மங்காது. எல்.ஆர். ஈஸ்வரி தட்டு ஓடும்போது மட்டும் கையைத் திருகிலிருந்து எடுக்கக் கூடாது. எந்த இடத்தில் குழைவார், எந்த இடத்தில் ஒரு ஹோய் போடுவார் என்று தெரியாது. ஸ்பீக்கர் கிழிந்தால் முதலாளி என்னைத்தான் கிழிப்பார்.

டி.கே. பட்டம்மாளுக்குத்தான் நாங்கள் துரோகம் செய்தோம். 1947-இல் நாம் இருவர் படத்தில் பாரதி பாட்டைப் பாடிய குரல். ஆழமான, கனத்த குரல். கூம்பு ஸ்பீக்கருக்கு ஆழம் என்பதே கிடையாது. அடிக்குரலைத் தின்றுவிட்டு மேலே இருக்கும் கீச்சை மட்டும் துப்பும். பனைமரத்தில் கட்டிய கூம்பில் கேட்டுவிட்டு 'என்ன இந்த அம்மா இப்படிப் பாடுகிறார்' என்றவர்கள் நம் ஊரில் உண்டு. அது அந்த அம்மாவின் பிழை இல்லை. நாலு சுவருக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டிய குரல் அது. இந்த நாலு சுவர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், மெம்பர் கவனிக்க வேண்டும்.

இப்போது ஒரு கல்யாணக் கதை. 1976 என்று நினைவு. பெண் வீடு நம் பக்கத்துச் சித்தூர், மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சிப் பக்கம். நான் முதலாளிக்கு எடுபிடி. விடியற்காலையில் பெண்ணின் தாய்மாமன் வந்து, 'நம் ஊர் லீலா பாடின நாராயணீயம் வை' என்றார். வைத்தேன். பி. லீலா பாடிய குருவாயூரப்பன் துதி, குருவாயூரில் காலையில் கேட்கும் அதே பெரிய தட்டு. பத்து நிமிஷத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, 'கல்யாண வீடா, பஜனை மடமா? ஈஸ்வரி பாட்டைப் போடு' என்றார். பாசமலர் படத்து 'வாராயென் தோழி' இல்லாமல் அந்தக் காலத்தில் தாலி ஏறாது. பெரிய தட்டை எடுத்துச் சின்னத் தட்டை வைத்தேன். பெரிய தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றும் இன்னொரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கும் ஓடும், சின்னது 45 சுற்று. தூக்கக் கலக்கத்தில் பொத்தானை மாற்ற மறந்துவிட்டேன்.

தோழியை அழைத்துக்கொண்டு ஓர் ஆண்பிள்ளைக் குரல் கிளம்பியது. சாவதானமாக, வெற்றிலை போட்ட வாயோடு. பந்தி நின்றுவிட்டது. மணமேடையில் பெண் தலைகுனிந்து சிரிக்கிறாள், மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு கிழவர் சாம்பார் வாளியோடு வந்து, 'யாருடா இந்த ஆம்பளைத் தோழி?' என்றார். நான் பதறிப்போய்ச் சின்னத் தட்டை எடுத்துவிட்டுப் பொத்தானை மாற்றினேன். அந்தப் பதற்றத்தில் மறுபடி பெரிய தட்டை வைத்துவிட்டேன். இப்போது நாராயணீயம் அணில் பாடுவது போலப் பறந்தது. தாய்மாமன் சும்மா இருப்பாரா? முதலாளி என்னை அறைந்த அறை இந்தக் கன்னத்தில்தான்.

சிரியுங்கள். ஆனால் அந்த அறைக்கு எனக்குக் கூலி கிடைத்தது. பிறகு கடையில் யாரும் இல்லாதபோது வேண்டுமென்றே சின்னத் தட்டுகளை மெதுவாக ஓட்டிக் கேட்க ஆரம்பித்தேன். மேல் சட்ஜம், அதாவது மேல் 'ஸ', கிட்டத்தட்டக் கீழே பஞ்சமத்தில், 'ப'வில், போய் விழும். குரலின் இனிப்பு போய்விடும், வேலைப்பாடு மட்டும் நிற்கும். ஈஸ்வரி ஸ்வரத்தில் நேராகப் போய் உட்காருவதில்லை, கீழே இருந்து வழுக்கிக்கொண்டு ஏறுவார். சுசீலா போட்ட கோடு மெதுவாக ஓட்டினாலும் கோடாகவே இருக்கும், எங்கே மூச்சு எடுத்தார் என்று தேட வேண்டும். லீலாவின் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைக்கும் அசைவு, ஒவ்வொன்றும் கச்சேரி மேடையில் எண்ணிப் போட்டது போல விரியும். சட்டியில் சங்கீதம் இருந்தது, அகப்பையில் வந்தது.

வீட்டில் கேட்க வேண்டுமானால் 1955-இல் வந்த மிஸ்ஸியம்மா பாட்டுகளைக் கேளுங்கள். சாவித்திரிக்கு லீலா, ஜமுனாவுக்கு சுசீலா. கதையில் சாவித்திரி டீச்சர், ஜமுனா துறுதுறுப்பான இளம்பெண். குரலே சொல்லிவிடும், ஒன்று கற்றுக்கொடுக்கும் குரல், ஒன்று துள்ளும் குரல். ஒரே இசையமைப்பாளர், எஸ். ராஜேஸ்வர ராவ். நான் அவரைத்தான் கும்பிடுவேன், எந்தச் சட்டியில் எந்தக் குழம்பு என்று தெரிந்த மனிதர்.

1958-இல் வஞ்சிக்கோட்டை வாலிபன். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டிப் பாட்டு. பாடியவர்கள் லீலாவும் ஜிக்கியும். லீலா இங்கே பக்கத்தில் சித்தூரில் 1934-இல் பிறந்தவர். ஜிக்கி ஆந்திரச் சித்தூர்ப் பக்கம் சந்திரகிரிக்காரர். ஒரு சித்தூர் கேரளத்தின் ஓரம், இன்னொன்று ஆந்திரத்தின் ஓரம். இரண்டு ஓரத்திலிருந்தும் வந்தவர்கள் நடுவில் தமிழில் மோதினார்கள். 'சபாஷ், சரியான போட்டி' என்று வில்லன் நடிகர் வீரப்பா அதில் சொன்னது ஆட்டத்துக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் குரலுக்கு. நமக்குத் தாய்மொழி ஒன்று, ரேஷன் கார்டு மொழி ஒன்று. நம்மை ஓரத்துக்காரர்கள் என்று இரண்டு பக்கமும் சொல்கிறபோது எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும்.

அந்தச் சித்தூர் லீலாவின் ஒரு தட்டாவது இந்த வாயனசாலையில் இருக்கிறதா? இல்லை. என் வீட்டில் தகரப் பெட்டிகளில் நானூறு தட்டுக்கு மேல் கிடக்கிறது. 78 சுற்றுத் தட்டு அரக்கு, கீழே விழுந்தால் அப்பளம். உறைகளைக் கறையான் தின்றுவிட்டது, எந்தத் தட்டு எந்த உறைக்குரியது என்று எனக்கே குழப்பம். எல்லாவற்றையும் இலவசமாகத் தருகிறேன். இந்தக் கட்டடத்துக்குப் பின்னால், கால் உடைந்த நாற்காலிகள் கிடக்கும் அறை ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்கும் அறையாக்குங்கள். ஒரு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, பத்துப் பாய், ஜன்னலுக்குக் கண்ணாடி, போதும். பட்டம்மாள் குரலை ஒருமுறையாவது அதன் ஆழத்தோடு நம் பிள்ளைகள் கேட்கட்டும். மூன்று வருஷமாக மனு கொடுக்கிறேன். ஓர் அலுவலகத்தில், 'பாட்டு எல்லாம் ஃபோனில் வருகிறதே சேட்டா' என்றார்கள். வருகிறது. கூடவே எண்ணெய் விளம்பரமும் வருகிறது. டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார், மண்டிக்காரர் இரண்டு ஃபேன் தருகிறேன் என்று இப்போதுதான் என் காதில் சொன்னார். சொன்னீர்களா இல்லையா? சொன்னார். பஞ்சாயத்தில் பணமில்லை என்று தலைவர் சொல்லப்போகிறார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் என்று என் பாட்டியின் வார்த்தையாலேயே என்னை அடிக்கலாம். நான் கேட்பது சட்டி இல்லை, சாவி. அந்த அறையின் சாவி.

கவிஞர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மாஷ் சீட்டு அனுப்பிவிட்டார். அதை அடுத்த வருஷம் பார்ப்போம்.

ஒரே ஒரு தட்டு கொண்டுவந்திருக்கிறேன். 1951, மணமகள் படத்தில் வந்த 'எல்லாம் இன்பமயம்'. எம்.எல். வசந்தகுமாரியும் லீலாவும் சேர்ந்து பாடியது. வசந்தகுமாரி அப்போதே கர்நாடக இசைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பெயர்பெற்ற சிஷ்யை, லீலாவுக்குப் பதினேழு வயது. இரண்டு குரலும் அருகருகே ஓடும். தம்பி, அந்தக் காற்றாடியைக் கொஞ்சம் நிறுத்து. கூம்பை அணைத்துவிட்டு இந்தப் பெட்டியை மட்டும் வை. 78, பொத்தானைப் பார்த்துப் போடு, என் கன்னம் தாங்காது. எது லீலா, எது வசந்தகுமாரி என்று மெம்பர் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் சாவியை இன்றைக்கே தர வேண்டும்.